நானூறு கிராம் ஈரம்

தண்ணீர் கூடுதலாக இருந்தது. ஊரைக் கூட்டிச் சொல்லும்படி ஒன்றுமில்லை. டிரையரின் மேல்பக்கத்தில் இழுப்பறை மாதிரி இருக்கும் தண்ணீர்ப் பெட்டியை வழக்கம்போல இழுத்தபோது மணிக்கட்டு ஒரு நொடி தாழ்ந்து போனது, அவ்வளவுதான். ஆனால் அவள் ஆஸ்பத்திரி லேபில் ஒன்பது வருஷம் ரத்தமும் சிறுநீரும் அளந்தவள். கை சொன்னால் சொன்னதுதான். பன்னிரண்டு நாப்பித் துணியும் மூன்று துண்டும் காய்ந்ததற்கு இவ்வளவு தண்ணீர் வராது என்று கை சொன்னது.

குளியலறைக்கு எதிரே, துணி அலமாரி இருக்க வேண்டிய பொந்தில், ஒன்றின் தலைமேல் ஒன்றாக நின்றன இரண்டு மெஷின்களும். கீழே துவைப்பது, மேலே உலர்த்துவது. சின்ன வீட்டுக்கென்றே செய்த ஐரோப்பிய மாடல், பொம்மை மாதிரி இருக்கும். ஒரு போர்வையைப் போட்டால் அதற்கு மேல் ஒரு கைக்குட்டைகூட உள்ளே போகாது. இவர்களுக்கு முன் இதே வீட்டில் இருந்து காலி செய்துகொண்டு போன டீச்சரம்மாவிடமிருந்து விலைக்கு வாங்கியது. அன்றைக்கு அவள் எட்டு மாத வயிற்றோடு நின்றாள். டீச்சரம்மா அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு வாசல் பூட்டின் எண்ணைச் சொன்னார். வெயில் காலத்தில் அவர் தலைமுடி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. இப்போதுதான் குளித்தார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

மெஷினை முதலில் ஓட்டிக் காட்டியது அவள் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். எந்த மெஷினைப் பார்த்தாலும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி பேச ஆரம்பித்துவிடுவான்.

"இதுக்குக் காத்து வெளிய போற குழாயே கிடையாது, தெரியுமா? காத்தைச் சூடாக்கித் துணிக்குள்ள விடும். ஈரத்தை உறிஞ்சும். அதைக் குளிர வெச்சுத் தண்ணியாக்கிப் பெட்டில சேத்துக்கும். அதே காத்தைத் திரும்ப உள்ள விடும். உள்ள போனது உள்ளயே சுத்திக்கிட்டிருக்கும். கருமித்தனத்துல உங்க பெரியப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுரும்."

"எங்க பெரியப்பாவை இழுக்கலேன்னா உங்களுக்குத் தூக்கம் வராதே."

"கதவும் நம்ம லிஃப்ட் மாதிரிதான். பூட்டினாத்தான் ஓடும். ஓட ஆரம்பிச்சா ரெண்டு மணி நாப்பது நிமிஷம். அதுவரைக்கும் நீ கெஞ்சினாலும் திறக்காது, அழுதாலும் திறக்காது."

அவளுக்கு அதில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. துணியைப் போட்டுக் கதவைச் சாத்துவாள். பொத்தானை அழுத்துவாள். க்ளிக் என்று பூட்டிக்கொள்ளும். 2:40 என்று பச்சை எழுத்து எரியும். குனிந்து வட்டக் கண்ணாடி வழியாக உள்ளே ஒரு பார்வை. பிறகு நகத்தால் கண்ணாடியில் இரண்டு தட்டு. டொக், டொக். லேபில் சோதனைக் குழாயைத் தட்டித் தட்டி வந்த பழக்கம். தட்டிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவாள்.

குழந்தைக்கு மூன்று மாதம். நாலு கிலோவுக்கு நாற்பது கிராம் குறைவாகப் பிறந்ததால் புருஷன் வைத்த பெயர் குண்டு. பதிவில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை. குண்டு என்றால்தான் "ங்ங்கூ" என்பாள்.

அந்தத் தண்ணீரை அவள் ஒருநாளும் கொட்டியதில்லை. கொட்ட மனசு வராது. லேபில் காய்ச்சி வடித்த தண்ணீருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். இங்கே வீட்டுக்குள்ளேயே தினம் முக்கால் லிட்டர் சும்மா கிடைக்கிறது, அதைப் போய்ச் சாக்கடையில் விடுவதா? பஞ்சு வைத்து வடிகட்டி, கொதிக்கவைத்து ஆற்றி, குண்டுவின் அறையில் ஈரக்காற்று விடும் சின்ன ஹியூமிடிஃபையரில் ஊற்றிவிடுவாள். சாயங்காலத்துக்குள் அது முழுவதும் வெள்ளைப் புகையாகத் தொட்டிலைச் சுற்றி நிற்கும். மறுநாள் டிரையர் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். மிச்சம் பிடிக்கத் தெரிந்தவள் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள், பாவம்.

அன்று கை சொன்னதைச் சோதித்துப் பார்த்தாள். சமையல் தராசை எடுத்துவந்து, அடுத்த ஈரத் துணியை நிறுத்தாள். இரண்டு கிலோ நூறு. காய்ந்த பிறகு ஒரு கிலோ நானூறு. போனது எழுநூறு கிராம். பெட்டியில் சேர்ந்த தண்ணீரோ ஆயிரத்து நூறு.

நானூறு கிராம் எங்கிருந்து வந்தது?

புருஷன் அப்போது வெளியூரில், முப்பது மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் பொருத்திக்கொண்டிருந்தான். திரும்ப இன்னும் ஒரு வாரம். போனில் சிரித்தான்.

"டாக்டரம்மா, வெளிய பத்து நாளா மழை ஊத்துது. காத்துல இருக்கிற ஈரத்தையும் சேத்து இழுக்குது, அவ்வளவுதான். தூங்குறியா இல்லியா நீ?"

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் எங்கே ஈரம்? பதினோராவது மாடி, மழைச் சாரல் வராமல் ரப்பர் வைத்து அடைத்த ஜன்னல்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. இந்தப் பக்கம், வெட்டி வைத்த ரொட்டி அரைமணி நேரத்தில் ஓடாகிவிட்டது. குளித்துவிட்டு வந்து நின்றால் துவட்டுவதற்குள் முதுகு காய்ந்துவிடுகிறது. உதடு வெடித்து, சிரித்தால் ரத்தம் வந்தது. ராத்திரியில் மரக் கதவுகள் விரல் சொடுக்குகிற மாதிரி படக், படக்கென்றன. தண்ணீர் குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள், நாக்கு அட்டை மாதிரியே இருந்தது. எல்லாவற்றின் மேலும் ஒரு வாசனை படிந்திருந்தது, இஸ்திரிப்பெட்டியை மறந்து துணிமேல் வைத்த வாசனை, தலையணையில், பால் புட்டியில், குண்டுவின் உச்சந்தலையில்கூட.

இன்னொன்று. டிரையரின் சல்லடையில் சேரும் பஞ்சுத் தூசியை எடுக்கும்போதெல்லாம் அதில் நீளமான நரைமுடிகள் இருந்தன. பழைய மெஷின், டீச்சரம்மா தலைமுடியாக இருக்கும் என்று எடுத்துப் போட்டாள். டீச்சரம்மா போய் நாலு மாதமாகிறது. முடி வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் துணியே போடாமல் ஓட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் எதிரே உட்கார்ந்திருந்தாள். காலி உருளை சுற்றும் சத்தம் மெதுவானது, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி இருந்தது. முடிந்ததும் பெட்டியை இழுத்தாள். முந்நூற்று இருபது கிராம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு, இடுப்பில் இருந்த குண்டு அழ ஆரம்பித்தது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். குண்டு வாயைப் பிளந்து, முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.



எடை பார்க்கும் தட்டில் குழந்தையைப் படுக்கவைத்தாள். போன திங்கட்கிழமை கிளினிக்கில் ஐந்து கிலோ எண்ணூறு. இப்போது ஐந்து நானூறு. இருக்காது. துண்டை உருவிவிட்டு, தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஐந்து நானூறு. நானூறு கிராம். கிளினிக் நர்சுக்குப் போன் போட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை நாப்பி நனையுது?" என்றார் நர்ஸ்.

"முன்னாடி எட்டு வரும்க்கா. நேத்து ரெண்டு. இன்னைக்கு..." அவள் நாப்பியைத் தொட்டுப் பார்த்தாள். மொறமொறவென்றிருந்தது, டிரையரிலிருந்து எடுத்த மாதிரி. "இன்னைக்கு ஒண்ணுகூட இல்லக்கா."

"உச்சிக்குழி எப்படி இருக்கு? தடவிப் பாருங்க."

தடவினாள். விரல் உள்ளே இறங்கியது.

"பள்ளமா இருக்குக்கா."

மறுமுனையில் குரல் மாறியது. "யோசிக்கவே யோசிக்காதீங்க. உடனே புள்ளையத் தூக்கிட்டு வாங்க. டாக்டர் நாலு மணிவரைக்கும் இருப்பாரு. புள்ள தாங்காதும்மா, புரியுதா?"

மணி மூன்று. டாக்ஸிக்குச் சொன்னாள், பத்து நிமிஷம் என்றான். குண்டுவைத் துண்டில் சுற்றித் தொட்டிலில் விட்டுவிட்டுப் பையில் துணி அடைத்தாள். போகிறபோக்கில் டிரையரின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். சனியனே, என் பிள்ளையா உனக்குக் கிடைத்தாள்! வட்டக் கதவைத் திறந்தும் போட்டாள். உருளை அசையாமல் கிடந்தது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அதே உறுமல். தாழ்ந்து, ஒரே சீராக. மெஷினில் காதை வைத்தாள், அங்கே இல்லை. சுவரில் வைத்தாள். சுவரில் இருந்தது. தரையில் கால் வைத்த இடமெல்லாம் இருந்தது.

எதற்கு அந்த நேரத்தில் டீச்சரம்மாவுக்குப் போன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்திருக்கும். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"டீச்சர், என்ன மெஷின் டீச்சர் இது? என்னத்தை எங்க தலையில கட்டினீங்க?"

"தண்ணிய எங்கம்மா ஊத்துற?" தொண்டையில் தண்ணீரை வைத்துக்கொண்டே பேசுகிற மாதிரி ஒரு களகளப்பு. "வெளிய கொட்டிட்டியா, வீட்டுக்குள்ளயே விட்டியா?"

"ஹியூமிடிஃபையர்ல ஊத்தினேன். நல்ல தண்ணிதானே?"

"நல்ல தண்ணிதான்." டீச்சரம்மா மெல்லச் சிரித்தார். "அவளும் கொட்ட மாட்டா. தொட்டி தொட்டியாச் செடி வெச்சிருந்தா, எல்லாத்துக்கும் அதைத்தான் ஊத்துவா. மெஷின்ல இருந்து வீட்டுக்கு, வீட்டுல இருந்து மெஷினுக்கு. சுத்திச் சுத்தி, சுத்திச் சுத்தி, கடைசில வீடு வேற மெஷின் வேறன்னு இல்லாமப் போச்சு."

"யாரு டீச்சர்? யாரு செடிக்கு ஊத்தினா?"

"டீச்சர்" என்றார் டீச்சரம்மா. "அவ காஞ்சு போனாம்மா. அவ உடம்புல இருந்து காஞ்ச தண்ணியெல்லாம் ஒண்ணு சேந்தா ஓர் ஆளாகாதா? நான் வெளிய வந்துட்டேன். அவளால வர முடியல. அங்கதான் எங்கயாவது இருப்பா."

போனைப் பிடித்த கை வேர்க்கவில்லை. அவ்வளவு பயத்திலும் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அதைக் கவனித்தபோதுதான் அவள் ஓடினாள்.

குண்டுவின் அறை முழுக்க வெள்ளையாக இருந்தது. காலையில் ஊற்றிய தண்ணீர் மொத்தமும் புகையாகி, தொட்டில் எங்கே சுவர் எங்கே என்று தெரியாமல் அடர்ந்து நின்றது. வீட்டில் ஈரம் இருந்த ஒரே இடம் அதுதான். முகத்தில் பட்டபோது சுகமாகக்கூட இருந்தது, அந்தச் சுகம் அவளைக் கூசவைத்தது. உள்ளே ஏதோ நகர்ந்தது. ஈரக் கால் தரையில் ஒட்டி எழும் சத்தம், சளப், சளப். அவளை உரசிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டது.

"குண்டு! குண்டும்மா!"

ங்ங்கூ வரவில்லை. தொட்டிலைத் தடவினாள். கை துண்டில் பட்டது, கதகதப்பாக, மூட்டையாக. அப்பாடா. அள்ளி மார்போடு அணைத்தாள். மழையில் நனையக் கூடாதென்று முகத்தை மூடி அவளே சுற்றிவைத்த துண்டுதான். லேசாக இருந்தாள் பிள்ளை. இவ்வளவு லேசாகவா? ஐந்து நானூறா இது? நிறுத்துப் பார்க்க நேரமில்லை. பிறகு. எல்லாம் கிளினிக்கில். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வாசல் கதவு அப்போதுதான் மூடியது. யாரோ வெளியே போய்ச் சாத்தின மாதிரி.

க்ளிக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். நாலு மாதமாகத் தினம் கேட்கிற சத்தம்.

கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. உள்பக்கத்து எண் பூட்டில் எண்களை அழுத்தினாள். பிறந்த தேதி, கல்யாணத் தேதி, வைத்த எண் எதுவென்றே மறந்து எல்லாவற்றையும் அழுத்தினாள். தோளால் இடித்தாள். "யாராவது இருக்கீங்களா? கதவைத் திறங்க! புள்ளைக்கு உடம்பு சரியில்ல!" வறண்ட தொண்டையிலிருந்து குரல் தூசியாக வந்தது. எதிர்வீட்டில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. அவர்கள் காதில் இது விழவில்லை.

பூட்டின் சின்னத் திரையில் எப்போதும் மணி தெரியும். மூன்று பத்தோ மூன்று பதினைந்தோ இருக்க வேண்டும்.

2:40 என்றிருந்தது. பச்சை எழுத்தில்.

அவள் கதவின் பார்வைத் துளையில் கண்ணை வைத்தாள்.

வெளியே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி நனைந்து தோளில் ஒட்டியிருந்தது. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கன்னம் உப்பி, உதடு வெடிக்காமல், பிரசவத்துக்கு முன்னால் எடுத்த போட்டோவில் இருக்கிற மாதிரி இருந்தாள். அவள்தான். அவளேதான்.

தோளில் குண்டு.

வெளியே நின்றவள் குனிந்தாள். துளைக்கு அருகில் ஒற்றைக் கண்ணைக் கொண்டுவந்து உள்ளே பார்த்தாள். கோபமில்லை, வஞ்சமில்லை. துணி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்கிற பார்வை. பிறகு நகத்தால் இரண்டு தட்டு.

டொக், டொக்.

தட்டிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள். குண்டுவின் தலை அவள் தோளுக்கு மேல் ஆடிக்கொண்டே போயிற்று.

உள்ளே இருந்தவள் கத்தினாள். கையில் இருந்ததை இறுக்கிக்கொண்டே கத்தினாள். பிறகு குனிந்து துண்டை விலக்கினாள். உள்ளே இன்னொரு துண்டு. அதையும் விலக்கினாள். இன்னொன்று. மூன்று துண்டு. கதகதப்பாக, மொறமொறவென்று, நன்றாகக் காய்ந்தவை.

போன் அடித்தது. டாக்ஸிக்காரன்.

"மேடம், கீழ நிக்கிறேன். எவ்வளவு நேரம்... ஆ, பாத்துட்டேன், பாத்துட்டேன். வாங்க."

"அது நான் இல்ல! அண்ணே, அது நான் இல்ல, நான் மேல இருக்கேன், பதினோராவது மாடி, அவளை ஏத்தாதீங்க!"

அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான் போல, குரல் தள்ளியிருந்து வந்தது. "அடடா, இப்படி நனைஞ்சிருக்கீங்களே மேடம், குடை எடுக்கலியா? புள்ளைய இப்படிக் குடுங்க. எங்க போகணும், கிளினிக்குத்தானே?"

"இல்லங்க" என்றது அவளுடைய குரல், மழைக்கு நடுவில், களகளவென்று. "புள்ள நல்லாத்தான் இருக்கா. ஊருக்குப் போறோம், அவ அப்பாகிட்ட."

"குட்டி பேரென்ன?"

"குண்டு."

ங்ங்கூ என்றாள் குழந்தை. இரண்டு நாளாகக் கேட்காத சத்தம். கொழுகொழுவென்று, வாயில் எச்சில் ஒழுக, நல்ல சந்தோஷமாக ஒரு ங்ங்கூ. கார்க் கதவு மூடியது. போன் அடங்கியது.

அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் வரவில்லை.

2:39.

அடியில் எங்கோ உறுமல் ஒரு படி ஏறியது. சுடுகாற்று முதலில் கணுக்காலைத் தொட்டது. செருப்பு அலமாரி இடப்பக்கமாக மெல்லச் சரிந்தது. தோள்பை சரிந்தது. மூன்று துண்டுகளும் கையிலிருந்து நழுவின. அவள் சுவரைப் பிடித்தாள். சுவர் கீழே போய்க்கொண்டிருந்தது, தரை மேலே ஏறிக்கொண்டிருந்தது, அவசரமில்லாமல். உடம்பு சுவரில் போய் விழுந்தபோது வலிக்கவில்லை. துணி விழுகிற சத்தம்தான் கேட்டது.

கூடத்தின் இருட்டிலிருந்து ஏதோ ஒன்று உருண்டு வந்தது. தலையணை அளவு, சாம்பல் நிறம். பஞ்சுத் தூசியும் நீளமான நரைமுடியுமாகச் சுற்றிச் சுற்றி உருண்டையாகிப் போன ஒன்று. சரிவில் சரசரவென்று இறங்கிவந்து, அவள் முழங்காலில் முட்டி நின்று, முடிக்குள்ளிருந்து காய்ந்த விரல் ஒன்றை நீட்டி, அவள் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டது.